ஈரப் பாறைக்குப் பன்னிரண்டரை

லாரி டயரில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று சுத்தியலால் தட்டியே சொல்லிவிடுகிற மனிதருக்குப் பக்கத்துக் கடையில் இருபத்தோரு வருடம் உட்கார்ந்து சீட் உறை தைத்துப் பாருங்கள், உங்களுக்கும் அவர்மேல் ஒரு பக்தி வந்துவிடும். எனக்கு வந்திருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் நான் செய்த காரியத்துக்கு இதைத் தவிர வேறு சாக்கு என்னிடம் கிடையாது.

அவரைக் காதுக்காரர் என்றுதான் எல்லோரும் சொல்வோம். லாரி வந்து நிற்கும். டிரைவர் கீழே இறங்கிச் சோம்பல் முறிப்பதற்குள் இவர் சுத்தியலோடு ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுவார். டங், டங், டங், தொப். "பின்னாடி உள்பக்கத்துல எழுபதுதான் இருக்கு. மத்ததெல்லாம் நூறு." கேஜை வைத்துப் பார்த்தால் எழுபத்திரண்டு காட்டும். அந்த இரண்டை அவர் ஒப்புக்கொள்ளவே மாட்டார். "கேஜுக்கு வயசாயிடுச்சு" என்பார். புதிதாக வருகிற டிரைவர்கள் ஒரு டீ பந்தயம் கட்டித் தோற்றுவிட்டு, அடுத்த முறை வேறொரு ஆளைக் கூட்டிவந்து அவனையும் தோற்க வைப்பார்கள்.

அவருக்கு ஒரே மகள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வாரத்தில் ஆறு நாள் ஊரார் கையில் நரம்பு தேடி ஊசி குத்துவாள். ஏழாவது நாள் மண்ணிலும் கல்லிலும் பைக் ஓட்டுவாள். உயரமாக, ஒல்லியாக, டயர் முழுக்கக் கட்டை கட்டையாகப் பல் வைத்து, மேட்டில் ஏறித் தாவுகிற பைக். அவள் அதில் ஏறி நின்றுகொண்டு ஓட்டுவதைப் பார்த்தால் வீட்டில் தண்ணீர்க் குடம் தூக்கவே முகம் சுளிக்கிற பெண் இவள்தானா என்று தோன்றும்.

அவளைக் கட்டிக்கொண்டவர் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவர். சைக்கிளில் ஏறினாலே சுவரைத் தேடுகிற மனிதர். ஆனால் அவள் வண்டிக்குக் காற்று வைப்பது அவர்தான், மூன்று வருடமாக. அதற்கென்றே ஒரு சின்னக் கேஜ் வைத்திருந்தார். முப்பதுக்கு மேல் அதில் எண்ணே கிடையாது, ஆனால் பன்னிரண்டுக்கும் பன்னிரண்டரைக்கும் நடுவில் கோடு உண்டு. சட்டைப் பையில் ஒரு குட்டி நோட்டு. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தரை எப்படி, வெயிலா மழையா, எவ்வளவு வைத்தது, அவள் இறங்கி வந்து என்ன சொன்னாள், எல்லாம் அதில் பொடி எழுத்தில் இருக்கும். மணலுக்குப் பதினொன்று. காய்ந்த பாறைக்குப் பதினான்கு. ஈரப் பாறைக்குப் பன்னிரண்டரை.

காதுக்காரருக்கு அந்தக் கேஜைப் பார்த்தாலே சிரிப்பு. "என்ன மாப்பிள்ளே, வண்டிக்குக் காய்ச்சலா? எத்தனை டிகிரி?" என்பார். மாப்பிள்ளையும் சிரித்துவிட்டு மூடியைத் திருகுவார். நானும் சிரித்திருக்கிறேன். ஏன் பாறைக்கு இவ்வளவு, மணலுக்கு இவ்வளவு என்று நாங்கள் இருவரும் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. காதுக்காரரைப் பொறுத்தவரை குறைந்த காற்று என்றால் ஒரே அர்த்தம்தான். டயர் சூடாகும், வெடிக்கும், வண்டி புரளும். வாலிபத்தில் அப்படிப் புரண்ட லாரி ஒன்றுக்கு டயர் மாற்றப் போயிருக்கிறார். டிரைவரின் செருப்பு ஒன்று மட்டும் தார் ரோட்டில் நேராகக் கிடந்ததாம். அதை அவர் சொல்லும்போதெல்லாம் குரல் மாறிவிடும்.

அந்தப் பந்தயம் பழைய கல்குவாரியில். நாற்பது பேர் ஓட்டம். முதல் ஆறு பேரை ஒரு பந்தயக் குழு எடுத்துக்கொள்ளும். புது வண்டி, பயிற்சி, வருடம் முழுக்க ஓட்டம். அவளுக்கு வயது இருபத்தாறு. அடுத்த வருடம் எடுப்பார்கள் என்று நம்புகிற வயது இல்லை. ஒரு வருடமாக விடியற்காலை எழுந்து ஓடினாள், முட்டையும் ரொட்டியுமாகத் தின்றாள், வேலை முடிந்து வந்து கையில் செங்கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வண்டி ஏற்றுகிற வேன் எங்கள் கடை வாசலிலிருந்து கிளம்பினால் வசதி என்று முதல் நாள் மாலையே பைக்கைக் கொண்டுவந்து டயர்க்கடைக்குள் நிறுத்தினார்கள். இரவு நல்ல மழை.

காலை ஆறு மணிக்கு நான் தார்ப்பாயும் கயிறும் எடுத்துக்கொடுக்கக் கடையைத் திறந்தேன். மாப்பிள்ளை டயர் பக்கத்தில் குந்தியிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"சின்ன மாமா, ராத்திரி பெஞ்சதுல குவாரி பூரா நனைஞ்சிருக்கும். ஒன்றரை இறக்கியிருக்கேன். இப்ப பன்னிரண்டரை" என்றார்.

"நல்லது மாப்பிள்ளே" என்றேன். அவர் குளிக்க மாடிக்குப் போனார். காதுக்காரர் வீடு கடைக்கு மேலேதான், மகளும் மாப்பிள்ளையும் ராத்திரி அங்கேதான் தங்கியிருந்தார்கள்.

அடுத்த நிமிஷமே காதுக்காரர் இறங்கி வந்தார். கையில் சுத்தியல். பின்டயரில் ஒரு தட்டு. தொப். முன்டயரில் ஒரு தட்டு. தொப். அவர் முகம் போன போக்கு சரியில்லை.

"கேட்டியா? உயிரே இல்லையே இதுல."

"மழைக்காக இறக்கியிருக்காராம் அண்ணே."

"மழைக்கு இறக்குவாங்களா? ஏம்ப்பா, ஈரத்துல வண்டியே நிக்காது, அதுல காத்தும் இல்லன்னா என் பொண்ணு எங்க போய் விழுவா?"

"அவரு குளிச்சிட்டு வரட்டும். ஒரு வார்த்தை கேட்டுட்டு வெச்சுக்கலாமே."

"என் கடையில நின்னு என் பொண்ணு வண்டிக்குக் காத்து வைக்க நான் மனு எழுதிக் குடுக்கணுமா? படம் வரையிற மனுஷன்ப்பா அவரு. நல்ல மனுஷன்தான். ஆனா டயரைப் பத்தி எனக்கு அவரு பாடம் எடுக்க வேணாம். நீ கம்ப்ரசரைப் போடு."

போட்டேன். என் கை நீண்டது, சுவிட்சைத் தட்டியது. இருபத்தோரு வருட பக்தி அந்த விரலில் இருந்தது என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். கேட்காமல் தொடக் கூடாது என்று தெரிந்தேதான் போட்டேன்.

அவருடைய கேஜ் லாரிக்கானது. நூற்றறுபது வரை போகும், இருபதுக்குக் கீழே முள் அசையவே அசையாது. அவர் அதைப் பார்க்கவும் இல்லை. காற்றை விடுவார், தட்டுவார், இன்னும் விடுவார், தட்டுவார். தொப் போய் டப் வந்தது. டப் போய் ஒரு சின்ன டங் வந்ததும் குழாயை எடுத்தார். "இப்ப பேசுது பாரு" என்றார். மாடியில் குளியலறைத் தண்ணீர்ச் சத்தம் நிற்பதற்குள் மூடியைத் திருகி, சுத்தியலை மாட்டி, கையைத் துடைத்துக்கொண்டார். மாப்பிள்ளை வந்தபோது நாங்கள் இருவரும் தார்ப்பாயை மடித்துக்கொண்டிருந்தோம். அதைக்கூட மன்னிக்கலாம். குவாரியில் நடந்ததுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

ஓட்டம் தொடங்கக் கால் மணி நேரம் இருக்கும்போது மாப்பிள்ளை சட்டைப் பையிலிருந்து கேஜை எடுத்துக்கொண்டு குனிந்தார். எப்போதும் கடைசியாக ஒரு முறை பார்ப்பது அவர் வழக்கம். காதுக்காரர் சட்டென்று இடையில் வந்தார்.

"எத்தனை தடவை பாப்பீங்க மாப்பிள்ளே? காலையிலதான் பாத்தீங்கல்ல. சுத்தி நிக்கிறவங்க சிரிக்கிறாங்க."

யாரும் சிரிக்கவில்லை. சுற்றிலும் ஆளாளுக்கு அவரவர் டயரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை ஒரு கணம் தயங்கினார். பிறகு மாமனார் சொன்ன சொல்லுக்காகக் கேஜைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார். வண்டிமேல் உட்கார்ந்திருந்த மகள் அதைப் பார்த்தாள். தலைக்கவசத்துக்குள் அப்பாவின் பேச்சு கேட்டிருக்காது. கணவர் குனிந்ததும் பார்க்காமலே நிமிர்ந்ததும்தான் அவளுக்குத் தெரிந்தது.

மூன்றாவது சுற்றில் அவள் நாலாவதாக வந்துகொண்டிருந்தாள். படிபோல வெட்டிய ஈரப் பாறை ஒன்று. முன்னால் போன மூன்று வண்டிகளும் அந்தக் கல்லைக் கவ்விக்கொண்டு ஏறின, டயர் கல்லின்மேல் அமுங்கிப் படிந்து, விட்டு, மறுபடி படிந்தது. அவள் வண்டி மட்டும் பந்துபோலத் துள்ளியது. ஒரு துள்ளல், இரண்டு துள்ளல், முன்சக்கரம் பக்கவாட்டில் ஓடியது. அவள் விழுந்த சத்தத்தை நான் எழுதப்போவதில்லை. காரை எலும்பு முறிந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னபோது காதுக்காரர் ஆஸ்பத்திரி நடைபாதையில் என் தோளைப் பிடித்துக்கொண்டார். அவரை நான் பார்க்கவில்லை, அவரும் என்னைப் பார்க்கவில்லை.

கட்டுப் போட்ட கையோடு அவள் அம்மா வீட்டுக்கு வந்தாள். மூன்று வாரமும் மழை ஓயவே இல்லை. துணி காயாமல் மாடிப்படி முழுக்க ஈர வாடை. மாப்பிள்ளை தினமும் அலுவலகம் முடிந்து ஆறு மணிக்கு ஆரஞ்சுப் பழமோ ரொட்டியோ வாங்கிக்கொண்டு வருவார். குடையைப் படியில் விரித்து வைத்துவிட்டு வாசலை ஒட்டிய நாற்காலியில் உட்காருவார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். "மாத்திரை போட்டாச்சா?" என்பார். "ம்." "வலி எப்படி இருக்கு?" "இருக்கு." எட்டு மணிக்கு எழுந்து போவார்.

காதுக்காரரின் மனைவியை நான் அண்ணி என்பேன். அண்ணிதான் கீழே வந்து எங்களிடம் கொட்டுவார். சூப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டே பேசுவார்.

"என்ன சொல்றா தெரியுமா? 'அவரு வெச்ச காத்தை நம்பித்தாம்மா நான் கண்ணை மூடிட்டு ஏறுவேன். அன்னைக்கு ஏதோ தப்பா வெச்சிருக்காரு. கடைசியில குனிஞ்சவரு பாக்காமலே எந்திரிச்சிட்டாரு. அலட்சியம். இனிமே அந்த வீட்டுல அவரு பக்கத்துல படுத்தாலும் எனக்கு அந்தப் பாறைதான் ஞாபகம் வரும்'ங்கிறா. அந்தப் பிள்ளையும் ஒத்துக்குதுங்க. 'நான்தான் தப்பா பாத்திருப்பேன் அத்தே'ங்குது. அந்தக் குட்டி நோட்டைக்கூட இப்ப பையில வெச்சுக்கிறதில்லையாம், வீட்டுலயே போட்டுட்டாராம். என்னங்க, நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சரியாயிடும் போ" என்பார் காதுக்காரர், ஒரு டயரின் உள்பக்கத்தைத் தடவிக்கொண்டே. அண்ணி மேலே போனதும் கடையில் மழைச் சத்தம் மட்டும் இருக்கும்.

சுத்தியலை அவர் தொடுவதை நிறுத்திவிட்டார். எல்லா லாரிக்கும் கேஜ்தான். டிரைவர்கள் கேலி செய்தார்கள். "என்ன அண்ணே, காது லீவா?" "சளிப்பா" என்றார். ஒரு நாள் நான் பொறுக்க முடியாமல் ஆரம்பித்தேன்.

"அண்ணே, சொல்லிடலாம்."

"என்னத்தை?"

"என்னத்தைன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

"அவ முகத்தைப் பாத்து வாய் வரலைடா" என்றார். "அப்பா கை வெச்சா தப்பாகாதுன்னு சின்னப் புள்ளையிலேர்ந்து சொல்றவ. நாளைக்கு, நாளைக்குன்னு தள்ளுறேன். ஒவ்வொரு நாளும் அந்த மனுஷன் ஆரஞ்சுப் பழத்தோட வந்து நிக்கிறாரு. படியில அவரு செருப்புச் சத்தம் கேட்டா நான் பின்பக்கம் போயிடுறேன். என் கடையில நானே ஒளியிறேன்."

நானும்தான் ஒளிந்தேன். ஆறு மணி ஆனால் தையல் மெஷினில் தலையைக் கவிழ்த்துக்கொள்வேன். தைக்க ஒன்றுமில்லாவிட்டாலும் வெறும் ஊசியை ஓட்டுவேன்.

மூன்றாம் வாரக் கடைசியில் மாப்பிள்ளை பகலிலேயே வந்தார். கையில் இரண்டு பெரிய பைகள். அவளுடைய துணிகள், வேலைக்குப் போடும் வெள்ளைக் கோட்டு, தலையணைகூட. அவள்தான் அம்மா மூலம் சொல்லியனுப்பிக் கேட்டிருந்தாள். கட்டுப் பிரித்த பிறகும் இங்கேயே இருக்கப் போகிறாளாம். பைகளோடு படியேற முடியாமல் அவர் கடை வாசலில் நின்று, "சின்ன மாமா, ஒரு கை குடுக்கிறீங்களா?" என்றார். நான் ஒரு பையைத் தூக்கிக்கொண்டேன். துணிப் பைதான், ஆனாலும் என்னால் இரண்டு இடத்தில் நிற்காமல் ஏற முடியவில்லை. எங்களுக்குப் பின்னாலேயே காதுக்காரர் வந்தார். கையில் கரி, காலில் கரி. வழக்கமாக அந்தக் காலோடு மேலே வந்தால் அண்ணி விடமாட்டார்.

மகள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அண்ணி சோற்றுத் தட்டோடு நின்றார். மாப்பிள்ளை பையைக் கீழே வைத்துவிட்டு, "பச்சை ஸ்வெட்டர் மட்டும் காயலை. நாளைக்குக் கொண்டாறேன்" என்றார்.

"மாப்பிள்ளே, அந்தப் பையைத் திறக்காதீங்க" என்றார் காதுக்காரர்.

எல்லோரும் திரும்பினோம்.

"அன்னைக்குக் காலையில நீங்க வெச்ச காத்து சரி. நீங்க குளிக்கப் போனப்போ நான் ஏத்துனேன். தட்டிப் பாத்துட்டு ஏத்துனேன். குவாரியில நீங்க கேஜை எடுத்தப்போ, வெளிய வந்துடுமேன்னுதான் தடுத்தேன். நீங்க அலட்சியமா எந்திரிக்கலை. நான் எந்திரிக்க வெச்சேன்." பிறகு மகளைப் பார்த்தார். "உன்னைத் தள்ளிவிட்டது நான்தாம்மா."

அண்ணி தட்டை மேஜைமேல் வைத்தார். சோறு கொஞ்சம் சிந்தியது, யாரும் எடுக்கவில்லை.

என்னைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. நான் வாயைத் திறக்காமலே இருந்திருந்தால் தப்பியிருப்பேன். மகள் என்னைப் பார்த்தாள்.

"நீங்க ஏன் சித்தப்பா தரையைப் பாக்குறீங்க?"

"கம்ப்ரசரைப் போட்டது நான்தான்" என்றேன்.

"ஒரு பைக் டயருக்கு ரெண்டு ஆம்பளையா?" என்றாள். சிரிப்புபோல ஆரம்பித்த குரல் நடுவிலேயே உடைந்துவிட்டது. "அப்பா, கீழ விழுந்து கிடந்தப்போ வலிக்கலை எனக்கு. இவரு கைவிட்டுட்டாருன்னுதான் நினைச்சேன். அதுதான் வலிச்சுது. மூணு வாரம், அப்பா. மூணு வாரமா இந்த மனுஷனை நாற்காலியில உக்கார வெச்சு, முதுகைக் காட்டிக்கிட்டுப் படுத்திருந்தேன். நீங்க கீழ டயர் ஒட்டிக்கிட்டு இருந்தீங்க."

"பயத்துல செஞ்சேம்மா. வழுக்கி விழுந்துடுவியேன்னு—"

"பயமா இருந்தா கேக்கணும். இவரு பத்தடி தூரத்துல குளிச்சிட்டு இருந்தாரு."

கேட்டிருந்தால் அரை நிமிஷ வேலை.

அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "நீங்க ஏன் பேசாம நிக்கிறீங்க? கோவமே வரலையா உங்களுக்கு?"

மாப்பிள்ளை சுவரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். பிறகு மெல்ல, "எனக்குத் தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"அன்னைக்கு உன்னை ஆஸ்பத்திரியில சேத்துட்டு வண்டியை எடுக்கப் போனேன்ல. அப்ப கேஜை வெச்சுப் பாத்தேன். இருபத்தெட்டு இருந்துச்சு. நான் காத்தை இறக்குனேனே தவிர ஏத்தவே இல்லை. காலையில நான் இறங்கி வந்தப்போ கம்ப்ரசர் சூடா இருந்ததும் ஞாபகம் வந்துச்சு."

"தெரிஞ்சுமா சொல்லலை?"

"சொன்னா என்ன ஆகும்? இனிமே நம்பக் கூடாதுன்னு நீ ஒரு ஆளை முடிவு பண்ணிட்டே. அது நான் ஒருத்தனாவே இருக்கட்டும்னு நினைச்சேன். உங்க அப்பாவா இருக்க வேண்டாம்னு."

காதுக்காரர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். கரிக்கை பட்டு நிலை கறுத்தது. அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பார். நாங்கள் இருவரும் மூன்று வாரமாக ஒளிந்து ஒளிந்து மறைத்ததை இந்த மனிதர் முதல் நாளிலிருந்தே தெரிந்து வைத்துக்கொண்டு, எங்கள் கடை வாசலைத் தாண்டும்போதெல்லாம் "சாப்பிட்டீங்களா சின்ன மாமா?" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். நாற்பத்தெட்டு வயதில் ஒரு மனிதன் நின்ற இடத்தில் சின்னதாகிப் போக முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "நீங்க செஞ்சதும் தப்புதான். வீட்டுல போய்ப் பேசிக்கிறேன்" என்று கணவரிடம் சொன்னாள். பிறகு, "அந்தப் பையைத் திரும்ப எடுங்க" என்றாள்.

"ஒரு வாய் சாப்பிட்டுப் போம்மா" என்றார் அண்ணி.

"இன்னைக்கு வேணாம்மா."

வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஷூவுக்குள் காலை நுழைத்தாள். ஒரு கையால் லேஸைக் கட்ட முடியாமல் குனிந்து, வலியில் பல்லைக் கடித்து நிமிர்ந்தாள். காதுக்காரர் ஓடிவந்து அவள் காலடியில் உட்கார்ந்தார். கரியைச் சட்டையில் அவசரமாகத் துடைத்துவிட்டு, பள்ளிக்கூடம் அனுப்புகிற நாளில் கட்டிவிட்டதுபோல இரண்டு கையையும் நீட்டினார்.

அவள் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். கோபமாக இழுக்கவில்லை, மெதுவாகத்தான் இழுத்தாள்.

"அவரு கட்டட்டும்பா" என்றாள்.

மாப்பிள்ளை பைகளை வைத்துவிட்டு வந்து, மாமனாருக்குப் பக்கத்திலேயே ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்தார். அவசரமில்லாமல் லேஸை இழுத்து, இரண்டு பக்கமும் சமமாக்கி, முடிச்சுப் போட்டார்.

"இறுக்கமா இருக்கா?" என்று கேட்டார்.

அவள் காலை அசைத்துப் பார்த்தாள். "இல்ல, சரியா இருக்கு" என்றாள்.

காதுக்காரர் நீட்டிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவர்கள் இருவரின் காலடியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவர்கள் படியிறங்கிப் போன பிறகும், எழுந்திருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.